கருந்திரையில் தமிழுக்கு ஓர் இடம்

(வெள்ளகோவிலில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



2012-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மின்வெட்டு கொங்கு நாட்டை எப்படி வாட்டியது என்று வெள்ளகோவிலில் யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. விசைத்தறிகள் பாதி நெசவில் நின்றன. அதே மின்வெட்டில் கணினிகளும் அணைந்தன. லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் கணினி, வட்டில் எதையோ எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால், மறுபடி எழும் நேரத்தில் சில சமயம் வழக்கமான வண்ணத்திரை வராது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் வரிவரியாக ஓடும். கோப்புகள் இருக்கும் பகுதியில் பழுது இருக்கிறது, நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கொடு, சரிசெய்யலாம் என்று கேட்டுவிட்டு நிற்கும். கேள்வி ஆங்கிலத்தில் இருக்கும்.

இன்றைய பேச்சு அந்தக் கறுப்புத் திரையைப் பற்றியது. அதன் பெயர் மெய்நிகர் கன்சோல். ஜன்னல்கள், சுட்டி, படங்கள் என்று நாம் பார்க்கும் எல்லாம் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்கு வெளியே இயங்கும் நிரல்கள். அவை ஒவ்வொன்றாக விழுந்தாலும் கெர்னல் தன் கையாலேயே எழுதிக் காட்டும் திரை இது. கண்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் அழுத்தி எஃப்3 விசையைத் தட்டினால், ஒழுங்காக ஓடும் பெரும்பாலான லினக்ஸ் கணினிகளிலும் அது எட்டிப் பார்க்கும். ஒரே விசைப்பலகை, ஒரே திரை; ஆனால் தனித்தனியாக நுழையக்கூடிய பல முனையங்கள். கெர்னலில் 63 கன்சோல்கள் வரை திறக்க இடமுண்டு.

லினக்ஸ் பிறந்ததே இந்தத் திரையில்தான். 1991 ஜனவரியில் ஹெல்சின்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் ஒரு 386 கணினி வாங்கினார். பல்கலைக்கழகத்து யூனிக்ஸ் இயந்திரத்தோடு வீட்டிலிருந்து தொலைபேசி வழியாகப் பேச ஒரு முனைய நிரல் வேண்டும். கையில் இருந்தது அவருக்குத் திருப்தி தரவில்லை. தானே எழுத உட்கார்ந்தார். ஒரு வேலை திரையில் 'ஏ' எழுத்தாக எழுதித் தள்ள, இன்னொன்று 'பி' எழுத்தாக எழுத, இரண்டும் மாறி மாறி ஓடியது அவருடைய முதல் சோதனை. அந்த முனைய நிரலுக்கு வட்டைப் படிக்கத் தெரிய வேண்டியிருந்தது, கோப்பைச் சேமிக்கத் தெரிய வேண்டியிருந்தது. வளர்ந்து வளர்ந்து அதுவே இயங்குதளம் ஆனது. ஆகஸ்ட் 25 அன்று உலகுக்கு அறிவித்தார். செப்டம்பரில் 0.01 பதிப்பு வந்தது.

அந்த முதல் பதிப்புக்கு ஃபின்லாந்து விசைப்பலகை மட்டுமே தெரியும். எழுதியவர் வீட்டில் இருந்தது அது. சில மாதங்களுக்குள் அமெரிக்க, ஜெர்மானிய, பிரெஞ்சு விசைப்பலகைகள் சேர்ந்தன. அவற்றைத் தினமும் தட்டிக்கொண்டிருந்தவர்கள் சேர்த்தார்கள். 1992 ஜனவரியில் 0.12 பதிப்பு வந்தபோது பீட்டர் மெக்டொனால்ட் என்பவர் எழுதிய மெய்நிகர் கன்சோல்கள் உள்ளே வந்தன. ஆல்ட் விசையோடு எஃப்1, எஃப்2 என்று தட்டி ஒரே கணினியில் பல திரைகளுக்குத் தாவும் வசதி அன்று தொடங்கியது. தேவைப்பட்டவரே செய்தார் என்ற இந்தப் போக்கு, கன்சோலின் முப்பத்து நான்கு ஆண்டு வரலாறு நெடுகிலும் மாறவில்லை.

இனி அதன் உள்ளே போவோம். பழைய விஜிஏ திரை 80 பத்தி, 25 வரி. மொத்தம் 2,000 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் நினைவகத்தில் இரண்டு பைட்: ஒன்று எந்த எழுத்து என்று சொல்லும், மற்றது என்ன நிறம் என்று சொல்லும். ஜக்கார்டு தறிக்கு டிசைன் போடுகிறவர் கட்டம்போட்ட தாளில் கட்டம் கட்டமாக நிரப்புவதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும்: ஒரு கட்டத்தில் இருப்பது பக்கத்துக் கட்டத்துக்குத் தெரியாது. கெர்னலும் அப்படித்தான் நிரப்புகிறது. ஒரு எண் வருகிறது, பட்டியலில் அந்த எண்ணுக்கு உரிய படத்தை எடுக்கிறது, கட்டத்தில் வைக்கிறது, அடுத்த கட்டத்துக்கு நகர்கிறது. படங்களின் பட்டியலில் 256 இடம். நிறத்துக்கான பிட்டுகளில் ஒன்றை விட்டுக்கொடுத்தால் 512 இடம். எழுத்துக்குக் கிடைக்கும் நிறங்கள் பாதியாகும்.

ஆங்கிலத்துக்கு இது தாராளம். தமிழுக்கு?

கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டிய கேள்வி இது. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ வரிசைகளையும் ஸ்ரீயையும் சேர்த்தால் இன்னும் 66. மொத்தம் 313. ஆங்கில எழுத்துகள், எண்கள், குறிகள் 95. எல்லாம் கூடி 408. 512-க்குள் தமிழ் முழுவதும் அடங்கிவிடுகிறது, மிச்சமும் இருக்கிறது! தேவநாகரிக்கோ மலையாளத்துக்கோ இது நடக்காது. அங்கே மெய்கள் ஒன்றோடொன்று பிணைந்து கூட்டெழுத்துகளாகப் பெருகும். தமிழில் புள்ளி வைத்துப் பிரித்து எழுதுகிறோம். இந்திய எழுத்துகளில் கட்டத்திரைக்கு மிக நெருக்கமானது தமிழ் எழுத்து. இதை யாரும் போதுமான அளவு உரக்கச் சொன்னதில்லை.

அப்படியானால் தடை எது? அகலம் ஒரு தடை. எட்டுப் புள்ளி அகலமுள்ள கட்டத்தில் மூன்று சுழி 'ண' வரைந்து பாருங்கள். ஆனால் இன்றைய கன்சோல் விஜிஏ சில்லை நம்பி இல்லை. திரையின் ஒவ்வொரு புள்ளியையும் கெர்னலே வரைகிறது. 2023-ல் கட்டத்தின் உச்ச அளவு 64-க்கு 128 புள்ளி வரை உயர்த்தப்பட்டது. 'ஔ'வும் 'ணௌ'வும் தாராளமாக உட்காரும்.

உண்மையான தடை வேறு. யுனிகோடில் 'கொ' என்ற எழுத்து ஓர் எண்ணாக வருவதில்லை. முதலில் 'க' வரும். பின்னால் ஒகரக் குறி வரும். அந்தக் குறியின் ஒற்றைக்கொம்பு 'க'வுக்கு இடப்பக்கம் போக வேண்டும், கால் வலப்பக்கம் நிற்க வேண்டும். கட்டத்தை வரிசையாக நிரப்பும் கன்சோலுக்கு முன்னால் வைத்த எழுத்தைத் திரும்பிப் பார்த்து மாற்றத் தெரியாது. 'கெ' என்று வர வேண்டிய இடத்தில் 'க'வுக்கு வலப்பக்கம் கொம்பு தனியாக நிற்கும். பட்டியலில் படமே இல்லாவிட்டால், எழுத்துக்குப் பதிலாக வெறும் மாற்றுக்குறி.

இந்தச் சிக்கலின் ஒரு பகுதிக்குக் கோவையில் விடை அறிவிக்கப்பட்டது. 2010 ஜூன் 23 முதல் 27 வரை கொடிசியா வளாகத்தில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தது. உடன் தமிழ் இணைய மாநாடும் நடந்தது. அந்த ஜூன் 23 தேதியிட்ட அரசாணையில் தமிழ்நாடு அரசு யுனிகோடையும், அதோடு டேஸ்16 என்ற 16 பிட் அனைத்தெழுத்துக் குறியாக்கத்தையும் ஏற்றது. டேஸ்16-ல் 313 எழுத்துகளுக்கும் தனித்தனி எண். 'கொ' ஓர் எண். 'கௌ' ஓர் எண். கட்டத்திரைக்கென்றே தைத்துவைத்த சட்டை போன்ற ஏற்பாடு. ஆனால் அந்த எண்கள் யுனிகோடின் தனிப்பயன் பகுதியில் இருக்கின்றன. கைப்பேசியிலும் மின்னஞ்சலிலும் இணையத்திலும் எழுதப்படும் தமிழ் முழுவதும் யுனிகோடில் இருக்கும்போது, கன்சோல் மட்டும் வேறு எண்ணில் பேசிப் பயனில்லை. உலகம் யுனிகோடுக்குப் போய்விட்டது. எழுத்தையும் குறியையும் இணைக்கும் வேலையைச் செய்யத்தான் வேண்டும்.

செய்யாததன் விலை என்ன என்பதற்கு டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பு சான்று. 2007 ஏப்ரலில் 'எட்ச்' என்ற பெயரில் அதன் நான்காம் பதிப்பு வந்தபோது, நிறுவும் கட்டத்தில் முதல் முறையாக வரைகலைத் திரை சேர்க்கப்பட்டது. எழுத்துத்திரையில் காட்ட முடியாத மொழிகள் அதன் வழியாக நிறுவியில் இடம்பெற்றன. தமிழ் அவற்றில் ஒன்று. மொழிபெயர்ப்பைத் தன்னார்வலர்கள் செய்து முடித்திருந்தார்கள். அதைக் காட்ட எழுத்துத்திரையில் இடம் இல்லை. அதே 2007-ல் சென்னை சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு பாஸ் லினக்ஸை வெளியிட்டது. பின்னர் 2011-ல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியாக விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் அரசுப் பள்ளி மாணவர்கள் கைக்குப் போனது. மெனுக்கள் தமிழில் வந்தன. கணினி தடுமாறி விழும்போது வரும் திரை மட்டும் தமிழ் அறியாததாகவே நின்றது. தமிழ் வழியில் படித்த பிள்ளைக்கு உதவி மிக அவசரமாகத் தேவைப்படும் நேரம் அதுதானே?

இப்போது கெர்னலில் அண்மையில் நடந்த மாற்றங்களுக்கு வருவோம். மூன்று மாற்றங்கள். முதல் மாற்றத்தில் சற்று நின்று பார்க்க வேண்டும்.

கன்சோலில் ஓடிப்போன வரிகளை ஷிஃப்ட், பேஜ்அப் விசைகளை அழுத்திப் பின்னோக்கிப் பார்க்கும் வசதி பல ஆண்டுகளாக இருந்தது. விஜிஏ அட்டையின் எழுத்து நினைவகம் 32 கிலோபைட். ஒரு திரைக்கு 4,000 பைட். ஆகவே நடப்புத் திரையையும் சேர்த்து எட்டுத் திரை அளவுக்கு வரிகள் அட்டையிலேயே தங்கின. அந்த இடம் சிறியது என்பதால், பிற்பாடு கணினியின் நினைவகத்தில் சேமிக்கும் நிரல் எழுதப்பட்டது. காலம் போகப்போக அதைப் பராமரிக்க ஆள் இல்லாமல் போனது. திரையின் அளவை மாற்றும்போது, ஒதுக்கிய இடத்துக்கு வெளியே போய் எழுதும் பிழைகள் 2020-ல் வெளிப்பட்டன. கெர்னலுக்குள் அப்படிப்பட்ட ஒரு பிழை கணினி முழுவதையும் அந்நியர் கைக்குக் கொடுத்துவிடக்கூடும். அந்த ஆண்டு செப்டம்பரில் டோர்வால்ட்ஸ் தாமே அந்த நிரலை வெட்டி எறிந்தார். அக்டோபரில் வந்த 5.9 பதிப்பு முதல் ஷிஃப்ட், பேஜ்அப் அழுத்தினால் பெரும்பாலான கணினிகளின் கன்சோலில் ஒன்றும் நகர்வதில்லை.

வருந்தியவர்கள் பலர். எழும்போதே விழும் கணினியில், முதல் பிழைச் செய்தி மேலே ஓடிப்போயிருக்கும். அதைப் பார்க்க அந்த விசைகளே வழியாக இருந்தன. இழப்பு உண்மையானது. ஆனாலும் அந்த முடிவு சரியானது. பிழை என்று தெரிந்தும் திருத்த ஒருவரும் முன்வராத நிரலை, கோடிக்கணக்கான இயந்திரங்களின் கெர்னலுக்குள் வைத்திருக்க முடியாது. அதை அடுத்து, வன்பொருள் உதவியோடு திரையை வேகமாக நகர்த்தும் பகுதியும் இதே போல நீக்கப்பட்டது. 2022-ல் ஹெல்கே டெல்லர் என்பவர் அந்தப் பகுதியின் பராமரிப்பை ஏற்றுக்கொண்டார். அது திரும்ப வந்தது. பொறுப்பேற்க ஓர் ஆள் வந்ததும் வந்தது. பழைய வரிகளைப் பார்க்கும் வசதிக்கு அப்படி ஒருவர் வரவில்லை.

இரண்டாவது மாற்றம் 2018-ல் நடந்தது. அதுவரை கன்சோல் ஓர் எழுத்தைப் பெற்றதும், அதற்குரிய படத்தின் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு மூல யுனிகோட் எண்ணை மறந்துவிடும். எழுத்துருவில் தமிழ் இல்லையென்றால், திரையில் மட்டும் அல்ல, நினைவகத்திலும் தமிழ் அழிந்துவிடும். நிக்கோலா பித்ரே என்ற கெர்னல் நிரலாளர் இதை மாற்றினார். எந்த எழுத்து வந்ததோ அதன் யுனிகோட் எண்ணைத் தனியாகப் பாதுகாக்கவும், வெளியில் இருந்து நிரல்கள் அதைப் படிக்கவும் வழி செய்தார். அவர் பிஆர்எல்டிடிஒய் என்ற பிரெய்ல் மென்பொருளை உருவாக்கியவர்களுள் ஒருவர். லினக்ஸ் கன்சோலில் உள்ளதைப் புள்ளியெழுத்துக் கருவியில் விரலால் படிக்க வைக்கும் அந்த மென்பொருள் 1995 முதல் வளர்ந்துவருகிறது. படத்தின் எண் விரலுக்கு உதவாது. எழுத்தின் எண்தான் வேண்டும்.

பிஆர்எல்டிடிஒய்யில் தமிழ்ப் பிரெய்ல் அட்டவணையும் இருக்கிறது. இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். கண்ணால் பார்ப்பவருக்குக் கருந்திரையில் தமிழ் தெரியாத நிலையிலும், அதே திரையில் வந்த தமிழ் எழுத்துகளை விரலால் படிக்கும் வழி பார்வையற்றவருக்குத் திறந்திருக்கிறது! காரணம் எளியது: அந்த வாசகர்களுக்காக உழைக்க ஆட்கள் இருந்தார்கள். திரையில் உள்ளதைப் பேச்சாக வாசிக்கும் ஸ்பீக்கப் என்ற பகுதியும், சுமார் பத்தாண்டுகள் கெர்னலின் சோதனைக் கிடங்கில் காத்திருந்துவிட்டு, 5.9 பதிப்பில் முறையான இடத்தைப் பெற்றது. அதைப் பராமரிப்பவர்களுள் ஒருவரான சாமுவேல் திபோதான், கட்டத்தின் அளவை 64-க்கு 128 என்று உயர்த்திய திருத்தத்தையும் எழுதியவர்.

மூன்றாவது மாற்றம் மிக அண்மையது. 2025 ஜூலையில் வெளிவந்த 6.16 பதிப்பில் அதே பித்ரே, எந்த எழுத்து எத்தனை கட்டம் பிடிக்கும் என்ற கணக்கை முறைப்படுத்தினார். சீன, ஜப்பானிய எழுத்துகளுக்கு இரண்டு கட்டம். முன் எழுத்தின்மேல் உட்காரும் குறிகளுக்குத் தனிக் கட்டம் இல்லை. எழுத்தும் மேற்குறியும் தனித்தனியாக வந்தால், ஒன்றாக உள்ள எழுத்து இருக்குமானால் அதையே காட்டும். ஐரோப்பிய மொழிகளுக்கு நல்ல பயன். தமிழுக்கு இது பாதி வழிகூட இல்லை. ஏன் என்பதைக் கல்லூரி மாணவர்கள் கவனித்துக் கேட்க வேண்டும்.

யுனிகோட் தரவுப்படி தமிழின் துணைக்குறிகள் ஒரே வகை அல்ல. புள்ளியும் ஈகாரக் குறியும் அகலமில்லாத குறிகள். கால், இகரக் குறி, உகரக் குறி, கொம்புகள் ஆகியவை இடம் பிடிக்கும் குறிகள். அந்தக் கணக்கை அப்படியே பின்பற்றினால் 'கி' இரண்டு கட்டம் பிடிக்கும், 'கீ' ஒரு கட்டம் பிடிக்கும். தமிழ் எழுதும் யாரும் இதை ஒப்ப மாட்டார்கள். இதில் கன்சோல் மட்டும் மாறினால் போதாது. திரையில் இயங்கும் உரைத்தொகுப்பான் போன்ற நிரல்களும் இதே அகலக் கணக்கைத் தம் பக்கம் வைத்துக்கொண்டுதான் இடஞ்சுட்டியை நகர்த்துகின்றன. இரண்டு பக்கமும் ஒரே கணக்குச் சொல்லாவிட்டால், இடஞ்சுட்டி ஓரிடத்தில் இருக்க எழுத்து வேறிடத்தில் விழும். வரைகலைச் சூழலில் திறக்கும் பல முனைய ஜன்னல்களிலும் தமிழ் சிதைந்து தெரிவதன் வேர் இதுதான்.

    

தமிழுக்கான பாதை எது? கெர்னலுக்குள்ளேயே தமிழ் எழுத்தைக் கோக்கும் நிரலைச் சேர்த்துவிடலாமே என்று ஆர்வமுள்ள மாணவர்கள் கேட்பார்கள். கூடாது. 2020-ல் நடந்தது அதற்கான பாடம். எழுத்தைக் கோப்பது நுணுக்கமான வேலை. ஒரு தவறான நீளக்கணக்கு கெர்னலுக்குள் நேர்ந்தால் கணினியே பறிபோகும். அந்த வேலை கெர்னலுக்கு வெளியே நடக்க வேண்டும். அதற்கு வழியும் இருக்கிறது. டேவிட் ஹெர்மன் என்பவர் 2012-ஐ ஒட்டி எழுதிய கேஎம்எஸ்கான், கெர்னலின் கன்சோலுக்குப் பதிலாகச் சாதாரண நிரலாக இயங்கும் கன்சோல். எழுத்தை வரைய அதனால் பாங்கோ என்ற நூலகத்தைப் பயன்படுத்த முடியும். பாங்கோவின் பின்னால் இருப்பது ஹார்ஃப்பஸ். ஃபயர்பாக்ஸிலும் ஆண்ட்ராய்டிலும் நாம் நாள்தோறும் படிக்கும் தமிழை ஒழுங்காகக் கோத்துக் கொடுக்கும் அதே நூலகம். கேஎம்எஸ்கான் சில ஆண்டுகள் தேங்கிக் கிடந்து, பிறகு வேறு ஆட்களால் மீண்டும் உயிர்பெற்றது. அங்கும் எழுத்து கட்டம் கட்டமாகவே வரையப்படுவதால் 'கெ'யும் 'கொ'வும் இன்னும் உடைகின்றன. மீதமிருக்கும் வேலை இவ்வளவுதான்: ஒரு தமிழ் எழுத்தை ஓர் அலகாக எடுத்து, அதற்கு மாறாத அகலம் ஒன்றை வகுத்து, அந்த அலகை முழுதாக ஹார்ஃப்பஸ்ஸிடம் கொடுப்பது. 313 எழுத்துகளுக்கும் அகலம் இரண்டு கட்டம் என்று வைத்தால் போதுமா, 'ர'வுக்கும் 'ணை'க்கும் வேறு வேறு வேண்டுமா என்பது தமிழ் படிக்கிறவர்கள் தீர்மானிக்க வேண்டிய கேள்வி. ஹெல்சின்கியிலோ பாரிஸிலோ இருப்பவர்களிடம் அதை விட்டுவைப்பது நியாயமில்லை.

விசைப்பலகைப் பக்கம் சொல்ல அதிகம் இல்லை. இன்ஸ்கிரிப்ட் முறையில் ஒரு விசைக்கு ஒரு குறி என்பதால், கன்சோலின் விசை அட்டவணையிலேயே அதை ஏற்றிவிடலாம். தமிழ்99 முறையில் முந்தைய விசையைப் பார்த்து அடுத்த விசையின் பொருள் மாறும். அதுவும் கெர்னலுக்கு வெளியே செய்ய வேண்டிய வேலை.

வெள்ளகோவிலைச் சுற்றிப் பெருந்துறையிலும் கோவையிலும் சத்தியமங்கலத்திலும் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. ஆண்டுதோறும் இறுதியாண்டு மாணவர்கள் புராஜெக்ட் செய்கிறார்கள். பெரும்பாலானவை மதிப்பெண் வந்ததும் அலமாரிக்குப் போகின்றன. அவர்களுள் நான்கு பேர் கொண்ட ஒரு குழு இந்த வேலையை எடுத்துக்கொள்ளட்டும். முதல் செமஸ்டரில், தமிழ் எழுத்துகள் ஒவ்வொன்றும் இன்றைய கன்சோலிலும் கேஎம்எஸ்கானிலும் முனைய ஜன்னல்களிலும் எத்தனை கட்டம் பிடிக்கிறது, எங்கே உடைகிறது என்று சோதித்துப் பட்டியல் போடட்டும். இரண்டாம் செமஸ்டரில் திருத்தம் எழுதி அனுப்பட்டும். தமிழ்ப் பிரெய்ல் அட்டவணையைப் பார்வையற்ற தமிழ் வாசகர்களோடு உட்கார்ந்து சரிபார்ப்பது இன்னொரு குழுவின் வேலையாக இருக்கட்டும். நிரல்கள் எல்லாம் திறந்தே கிடக்கின்றன. படிக்கக் கட்டணம் இல்லை, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. பேராசிரியர்கள் அடுத்த கல்வியாண்டின் புராஜெக்ட் தலைப்புகளில் இதைச் சேர்க்க வேண்டும் என்று இந்த மேடையிலிருந்து கேட்டுக்கொள்கிறோம்.